ஓட்டோ பிரேக் பெடல் மெத்தென்று இறங்கினால்: எயார் எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பிரேக் பெடலை மிதித்தால் கால் கீழே போகிறது. இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "எயார் இருக்கு, எடுத்து விடுங்க." எயார் எடுத்ததும் பெடல் ஏறும். மூன்று கிழமையில் திரும்ப இறங்கும். திரும்பவும் எயார் எடுப்பார்கள். அந்தக் காற்று எந்த வழியால் உள்ளே போனது என்று மட்டும் பார்ப்பதில்லை. மூடிய பிரேக் ஒயில் குழாய்க்குள் காற்று தானாகப் பிறக்காது. ஒயில் வெளியே போன வழியாலோ, ரப்பர் தளர்ந்த இடத்தாலோதான் அது வந்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, எயார் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வது மூன்று சில்லிலும் ட்ரம் பிரேக், காலால் மிதிக்கிற ஹைட்ரோலிக் மாஸ்டர் சிலிண்டர், பின் சில்லுகளுக்குத் தனியாகக் கேபிளில் இழுக்கிற கைப்பிரேக் உள்ள வண்டிகளுக்கு. எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை ரோட்டில் ஓடுகிற பஜாஜ் ஆர்.ஈ. போன்றவை இந்த வகைதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைக் குழாய் வழியே தள்ளும். ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டனும் சூ என்கிற வளைந்த கட்டைகளை விரித்து, அவற்றில் ஒட்டியிருக்கும் லைனரைச் சில்லோடு சுற்றும் ட்ரம்மில் உரசவைக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபிறகு பல வருடம் புது வண்டி வரவில்லை. இருந்த வண்டிகளே ஓடித் தேய்ந்தன. அவற்றில் ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வாஷரும் ஹோசும் இரும்புக் குழாயும் வண்டியோடு சேர்ந்து கிழடாகி இருக்கின்றன. பிரேக் வேலையில் இறங்குமுன் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காலால் சோதியுங்கள். ஒரு தரம் மிதித்துப் பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு வேகமாக நாலைந்து தரம் அடித்துவிட்டு அப்படியே பிடியுங்கள். அடித்ததும் உயர்ந்து வந்து கல்லு மாதிரி நின்றால், லைனருக்கும் ட்ரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது, சூ அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். உயர்ந்து வந்தும் காலுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்ததுபோல மெத்தென்று இருந்தால் எயார். பிடித்திருக்கப் பிடித்திருக்க மெல்ல மெல்லக் கீழே போனால், ஒன்று வெளியே ஒழுகுகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் உள்ளுக்குள்ளேயே ஒயிலைத் திரும்ப விடுகிறது. மாஸ்டருக்கான பிரேக் ஒயில் டேங்கியில் ஒயில் குறையாமல் பெடல் மட்டும் அமிழ்ந்தால் அது பெரும்பாலும் மாஸ்டர் வாஷர்தான். இந்தப் பழுதில் எத்தனை போத்தல் ஒயில் ஊற்றி எயார் எடுத்தாலும் காசுதான் வீண்.

பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் அது வேறு சங்கதி. லைனர் நனைந்திருக்கும், ஒயில் பட்டிருக்கும், அல்லது தேய்ந்து மினுங்கிப் போயிருக்கும். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் ஓடினால் ட்ரம்முக்குள் தண்ணீர் போகும். பெடலை மெல்ல அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். அதற்கும் எயாருக்கும் சம்பந்தம் இல்லை.

சூ இடைவெளி எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் 19 மில்லிமீற்றர் விட்டம், பெடல் விகிதம் நாலுக்கு ஒன்று (பெடல் 4 மில்லிமீற்றர் இறங்கினால் மாஸ்டர் பிஸ்டன் 1 மில்லிமீற்றர் ஓடும்) என்று வைத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்கு எடுத்த அளவுகள், உங்கள் வண்டியில் கொஞ்சம் வேறுபடலாம். குழாய்க்குள் 1 கன சென்றிமீற்றர் காற்று நின்றால், பிரேக் அமுக்கத்தில் அது ஏறக்குறைய இல்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் பிஸ்டன் சுமார் 3.5 மில்லிமீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். பெடலில் அது 14 மில்லிமீற்றர். இனி காற்றே இல்லாத வண்டியை எடுங்கள். மூன்று சில்லிலும் உள்ள ஆறு பிஸ்டனும் வெறும் அரை மில்லிமீற்றர் கூடுதலாக நகர வேண்டியிருந்தால், அதற்குச் சுமார் 0.85 கன சென்றிமீற்றர் ஒயில் போகும். பெடலில் 12 மில்லிமீற்றர். அதாவது சூ தளர்ந்ததும் காற்று நின்றதும் பெடலின் இறக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலுக்குத் தெரிகிற மெத்தென்ற தன்மைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். அதனால் எப்போதும் முதலில் சூ அட்ஜஸ்ட், பிறகு எயார்.

அட்ஜஸ்ட் பண்ணும்போது கைப்பிரேக்கை முழுதாக விட்டுவிடுங்கள். சில்லைத் தூக்கிக் கையால் சுற்றியபடி, சூ ட்ரம்மில் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, சில்லு தடையின்றிச் சுற்றும்வரை திரும்பத் தளர்த்துங்கள். மிக இலேசாக எங்காவது ஒரு உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. பிறகு பெடலை ஒரு தரம் பலமாக மிதித்துச் சூக்களை நடுவுக்கு வரவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை என்றால், அந்தப் பொறிமுறை கறல் பிடித்து நின்றுவிட்டதா என்று ட்ரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். சூ எல்லாம் சரியான பிறகே கைப்பிரேக் கேபிளைத் தொட வேண்டும். சூ தளர்ந்திருக்கக் கேபிளை இழுத்துக் கட்டுவது பிழையான ஒழுங்கு.

சூ சரி, ஆனாலும் பெடல் மெத்தென்று இருக்கிறது என்றால் ஒழுக்கைத் தேடுங்கள். ஒவ்வொரு சில்லிலும் ட்ரம்மின் உள்பக்கத்தை மூடும் பின்தட்டின் அடியிலும் டயரின் உள்பக்கத்திலும் ஈரக் கோடு இருக்கிறதா? ட்ரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வாஷர் போய்விட்டது. அந்தத் தூசியை வாயாலும் ஊதக்கூடாது, கம்பிரசராலும் அடிக்கக்கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஈரச் சீலைத்துண்டால் துடையுங்கள்.

எங்கள் கரையோரத்தில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது பின்னுக்குப் போகும் இரும்புக் குழாயை. வாவிக் காற்றும் கடல் காற்றும் உப்பைக் கொண்டுவருகின்றன. அதோடு மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பலகை வழியே வடிந்து நேரே குழாயின் மேல் விழுகிறது. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஈரம் காயாமல் நிற்கும், கறல் அங்கேதான் முதலில் தின்னும். கிளிப்பைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. அம்பாறைப் பக்கம் வயல் வேலைக்கு ஓடும் வண்டிகளில் உப்புக் குறைவு, சேறு கூட. வாய்க்காலில் சில்லு மூழ்க இறக்கிக் கழுவுகிற பழக்கமும் உண்டு. தூசி ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போகும். ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். மேல் ரப்பரில் வெடிப்பு, அல்லது ஒருவர் பெடலை அழுத்தும்போது ஹோஸ் வீங்குவது தெரிந்தால் மாற்றவேண்டியதுதான். வீங்குகிற ஹோசும் பெடலை மெத்தென்று ஆக்கும், அதையும் எயார் என்றே நினைப்பார்கள்.

எந்தச் சில்லில் பிழை என்று பிடிபடவில்லையா? நல்ல நிலையில் உள்ள ஹோஸ்களை மட்டும், உருண்டையான வாய் உள்ள கிளாம்பால் ஒவ்வொன்றாக மெல்ல அமுக்கிப் பெடலை மிதித்துப் பாருங்கள். எதை அடைத்ததும் பெடல் சட்டென்று இறுகுகிறதோ, பிழை அந்த ஹோசுக்கு அப்பால் இருக்கிறது. எல்லாவற்றையும் அடைத்தும் மெத்தென்றே இருந்தால் மாஸ்டரையும் அதில் இருந்து ஹோஸ் வரை வரும் குழாயையும் பாருங்கள். வெடித்த ஹோசில் இந்த வேலை செய்யாதீர்கள், பல் உள்ள பிளையரை எந்த ஹோசிலும் போடாதீர்கள்.

வீல் சிலிண்டர் வாஷர் மாற்றுவதானால் ஒரே அச்சில் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து மாற்றுங்கள். வாஷரின் விரிந்த உதடு ஒயில் இருக்கும் உள்பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே ஒழுகும். ரப்பரைப் பெற்றோலாலோ டீசலாலோ கழுவவே கூடாது, அது ஊதிப்போகும். புது பிரேக் ஒயிலில் தோய்த்துப் போடுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் விரல் நகம் தடக்கும் அளவுக்குக் கறல் குழி இருந்தால் வாஷர் மாற்றுவதில் பயன் இல்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஒயில் குடித்த லைனரை நெருப்பில் காட்டியோ பெற்றோலில் ஊறவைத்தோ மீட்க முடியாது. அதை எறிந்துவிடுங்கள்.

ஒயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. இந்த வண்டிகளுக்குச் சாதாரணமாக டொட் 3 (DOT 3) வகைப் பிரேக் ஒயில். டொட் 4 ஊற்றினாலும் கலக்கும், கெடுதி இல்லை. டொட் 5 சிலிக்கன் வகை, அதைச் சேர்க்கக்கூடாது. டொட் 3, டொட் 4 இரண்டும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். புது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4க்கு இது 230, 155. ஈரப்பதன் நிறைந்த எங்கள் காற்றில், திறந்து அலுமாரியில் வைத்த அரைப் போத்தலை அடுத்த வருடம் ஊற்றுவது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். சீல் உடைக்காத 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று வாங்குங்கள். பழைய ஒயில் முழுவதையும் தள்ளி மாற்ற அது போதும். மிச்சத்தைக் கிளச் கேபிளுக்கு விடவும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம்.

டேங்கியில் உள்ள ஒயில் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. சாயம் கூடிய பிளேன்டீ நிறத்தில் இருந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயில், ஹைட்ரோலிக் ஒயில், தேங்காய் எண்ணெய் என்று கைக்கு அகப்பட்டதை ஊற்றி ஓட்டியவர்கள் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. இவை பிரேக் ரப்பரை ஊதவைத்து உருக்குலைக்கும். வாங்கிய பழைய வண்டியில் அப்படி ஏதும் நடந்ததா என்று சந்தேகம் இருந்தால், டேங்கியில் இருந்து சில துளி எடுத்து ஒரு தண்ணீர்க் கிளாசில் விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்துவிடும், மற்ற எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால் மாஸ்டர் முதல் மூன்று சில்லு வரை அத்தனை ரப்பரையும் ஹோசையும் மாற்றிக் குழாயை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். செலவு கூடத்தான், ஆனால் அந்த வண்டிக்கு வேறு வழி இல்லை.

இனி எயார் எடுக்கும் வேலை. தேவையானவை: புது ஒயில், வீல் சிலிண்டரில் காற்றை வெளியே விடத் திறக்கிற துளையுள்ள திருகான நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர் (பெரும்பாலும் 8 மில்லிமீற்றர்), மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி மாதிரியான டியூப் அரை மீற்றர், ஒரு சின்னப் போத்தல், பார்மசியில் விற்கும் பெரிய சிரிஞ்ச், சில்லுக்குக் கொடுக்கச் செங்கல், பெடலில் இருக்க ஒரு ஆள். பிரேக் ஒயில் பெயின்ரைத் தின்னும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு சிந்திய உடனே ஊற்றிவிடுங்கள்.

கறல் பிடித்த நிப்பிளை முதல்நாள் இரவே கவனிக்க வேண்டும். சுற்றிவரக் கம்பி பிரசால் தேய்த்து, கறல் இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள், லைனர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ரிங் ஸ்பானரைப் போட்டு முதலில் மிக இலேசாக இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். திறந்த வாய் ஸ்பானர் போட்டால் முனை வழுகி வட்டமாகும். முறிந்தால் துளைத்து எடுக்க மினக்கெடுவதைவிட வீல் சிலிண்டரை மாற்றுவது நல்லது.

வண்டியைச் சமதரையில் விட்டுச் சில்லுக்குச் செங்கல் கொடுத்துக் கைப்பிரேக்கை விடுங்கள். டேங்கி மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். ஒரு மணல் துகள் விழுந்தால்கூட மாஸ்டரின் சிறு துளையை அடைத்துவிடும், கல்லடிப் பக்கம் கடற்கரையோரம் ஓடுகிற வண்டிகளில் மூடியைச் சுற்றி மணல் இல்லாமல் இருப்பது அரிது. பழைய ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி, அடியில் உள்ள மண்டியைச் சுத்தமான துணியால் துடைத்துப் புது ஒயில் நிரப்புங்கள். மாஸ்டரில் இருந்து குழாய் நீளத்தில் எட்டத்தில் உள்ள பின் சில்லில் தொடங்கி, அடுத்த பின் சில்லு, கடைசியாக முன் சில்லு.

டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, கொஞ்சம் மேலே வளைத்துப் பிறகு கீழே போத்தலுக்குள் விடுங்கள். போத்தலில் முனை மூழ்க 2 சென்றிமீற்றர் புது ஒயில் இருக்கட்டும். மேலே வளைப்பது குமிழி நிப்பிளை விட்டு விலகிப் போவதற்காக. பெடலில் இருப்பவர் மெதுவாக மூன்று தரம் மிதித்து நாலாவதில் பிடிக்க வேண்டும். "பிடி" என்றதும் நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். பெடல் இறங்கும், குமிழியோடு ஒயில் வரும். பெடல் அடியில் போய் முட்டுமுன் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு ஒரு தரம் மாறினாலும் வெளிக்காற்றை உறிஞ்சி, செய்த வேலை அத்தனையும் வீணாகும். விட்டபிறகு மூன்று செக்கன் பொறுத்து அடுத்தது. ஏழெட்டுத் தரத்துக்கு ஒருமுறை டேங்கியைப் பாருங்கள், பாதிக்குக் கீழே போகவே விடாதீர்கள். குமிழி நின்று, டியூபில் தேன் நிற ஒயில் மட்டும் வரும்போது அந்தச் சில்லு முடிந்தது.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டரின் வாஷர் பாதித் தூரம்தான் ஓடும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் வருடக்கணக்காகக் கறலும் மண்டியும் படிந்திருக்கும். முழுதாக மிதித்தால் வாஷர் அதில் உரசிக் கிழியும். எயார் எடுக்கப்போய் மாஸ்டர் போனதாகச் சொல்லப்படுவது பல நேரம் இதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

ஆள் இல்லாவிட்டால் டேங்கி மூடியைத் தளர்த்தி வைத்து, ஒரு நிப்பிளை மட்டும் திறந்து, சொட்டுச் சொட்டாக வடிய விடலாம். ஒரு சில்லுக்கு கால் மணி முதல் அரை மணி நேரம் எடுக்கும், டேங்கியை நிரப்பியபடி இருக்க வேண்டும். மெதுவான வழிதான், ஆனால் கிழட்டு மாஸ்டருக்கு இதுவே பாதுகாப்பு.

எவ்வளவு எடுத்தும் பெடல் ஏறாவிட்டால் மூன்று இடத்தைப் பாருங்கள். வீல் சிலிண்டரில் நிப்பிள் மேலேயும் குழாய் கீழேயும் இருக்க வேண்டும். இடது வலது மாற்றிப் பூட்டியதால் நிப்பிள் கீழே வந்திருந்தால் மேலே நிற்கும் காற்று ஒருபோதும் வெளியே வராது. இரண்டாவது, முன் சில்லுக்குப் போகும் குழாயும் ஹோசும் உயர்ந்து வளைகிற இடம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பித் திருப்பி எயார் எடுங்கள். மூன்றாவது மாஸ்டர், அதுவும் புதிதாக மாற்றியது என்றால். அதன் வாயில் உள்ள குழாய் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மெல்ல மிதித்து, நட்டின் வழியே காற்றை விட்டு, பெடலை விடுமுன் இறுக்குங்கள். சுற்றிவரத் துணி கொடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சுத்தமான சிரிஞ்சில் புது ஒயில் நிரப்பி நிப்பிள் வழியாக மேல்நோக்கித் தள்ளலாம். காற்று மேலே போகவே விரும்பும், அதன் வழிக்கே விடுவது இது. டேங்கி நிரம்பி வழியாமல் முதலே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

மாஸ்டரைத் தள்ளும் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். பெடலை உயர்த்துவதற்காக அந்த ஆட்டத்தை இல்லாமல் செய்தால் ஒயில் டேங்கிக்குத் திரும்பும் துளை அடைபட்டு, ஓட ஓடப் பிரேக் தானாகப் பிடித்துச் சூடாகும்.

வேலை முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்கி, தண்ணீரால் கழுவி, ரப்பர் தொப்பியைப் போடுங்கள். தொப்பி இல்லாத நிப்பிள் அடுத்த மாரிக்குள் கறலேறி அடைபடும். பெடலைப் பலமாக மிதித்து 30 செக்கன் பிடியுங்கள், ஒரு நூல்கூட இறங்கக்கூடாது. பிறகு ஆள் இல்லாத ரோட்டில் 10 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி 30 வரை சோதியுங்கள். நிறுத்தி மூன்று ட்ரம்முக்கும் பக்கத்தில் கையை வையுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே சூ பிடிக்கிறது.

மட்டக்களப்பும் அம்பாறைக் கரையும் சமதரை. தண்ணீர் கலந்த ஒயிலோடும் இங்கே வருடக்கணக்கில் ஓடலாம், தெரியாது. அந்த வண்டியே செங்கலடியில் இருந்து ஏ5 ரோட்டால் மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளைக்குப் போய்த் திரும்பும்போதுதான் ஆபத்து. பதுளை கிட்டத்தட்ட 680 மீற்றர் உயரம். இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுப் பிரேக்கிலேயே இறங்கினால் ட்ரம் சூடாகி, வீல் சிலிண்டரில் உள்ள ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போலத்தான், பெடல் சட்டென்று கீழே போகும். ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குங்கள். அப்படியும் பெடல் போய்விட்டால் வேகமாக அடித்து மிதித்தபடி கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரங்கட்டுங்கள். அரை மணி நேரத்தில் ஆறியதும் பெடல் பழையபடி இறுகும். அதை நம்பி இறங்காதீர்கள், அதே ஒயில் அடுத்த வளைவில் திரும்பக் கொதிக்கும். மலைக்குப் போகுமுன் ஒயில் முழுவதையும் மாற்றுங்கள். போகாதவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, மாரி வெள்ளம் வடிந்த பிறகு, மாசியில் மாற்றுவது நல்லது.

எடுத்த பழைய ஒயிலை வாவியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் மூடிய போத்தலில் கராஜில் கொடுங்கள். அன்றிரவு மூன்று சில்லுக்கும் கீழே ஒவ்வொரு பத்திரிகைத் தாளை விரித்து, டேங்கியில் ஒயில் மட்டத்துக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். காலையில் வண்டியை எடுக்குமுன் தாள் காய்ந்திருக்க வேண்டும், ஒயில் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும்.